பெரியப்பாவின் கணினிப் பெட்டி

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள பழைய இல்லங்களுக்குள் நுழைந்தால், முன்கூடத்து மேசை மீது ஏதேனும் ஒரு பொருள் பூவேலைத் துணியால் மூடப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு காலத்தில் அது கிராமபோனாக இருந்தது. பின்னர் வானொலிப் பெட்டியாயிற்று. அதன் பின் தொலைக்காட்சி வந்தது. இப்பொழுது சில இல்லங்களில் அத்துணியின் அடியில் இருப்பது கணினி. இன்று மாணவர் மடியில் வைத்துத் தட்டும் மெல்லிய கணினியன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் எவரோ ஓர் உறவினர் வெளிநாட்டிலிருந்து சுமந்து வந்த கனத்த பெட்டி. அதனை ஏற்றி வைத்தவர் போய்விட்டார். இறக்கி எறிய எவருக்கும் மனம் வரவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கைக்கு அண்மையில் உள்ள எமது பெரியப்பாவின் இல்லத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அப்பிள் நிறுவனம் 1990 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளியிட்ட மாக்கின்டோஷ் கிளாசிக் அது. திரையும் இயந்திரமும் ஒரே கூட்டுக்குள் அடங்கியது. தலைமேல் தூக்குவதற்குக் கைபிடிக் குழி உண்டு. திரை 9 அங்குலம், கறுப்பும் வெள்ளையும் மட்டுமே காட்டும். சுவிற்சர்லாந்தில் வாழும் அண்ணன் 1994 இல் விடுமுறைக்கு வந்தபோது அதனைக் கொண்டு வந்தார். அங்கும் இங்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அது தப்பியது. கனடாவிலிருந்து வந்திருந்தால் முதல் நாளே புகைந்திருக்கும்.

பெரியப்பா தோட்டப் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். புசல்லாவை, ஹேவாஹெட்டைப் பகுதிகளில் பல தோட்டங்களில் பணியாற்றினார். மாலை வேளைகளில் லயங்களுக்குச் சென்று மூதாட்டியரிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து கிள்ளும் பாட்டும் கேட்டுக் கொப்பிகளில் எழுதி வைப்பது அவர் வழக்கம். 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும் என முடிவாயிற்று. அதன் பின் வந்த ஆண்டுகளில் அவருக்குப் பாடிக் காட்டியவர்களுட் பலர் தலைமன்னாரிற் கப்பலேறிவிட்டனர். பாட்டு மட்டும் கொப்பியில் தங்கியது. ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒவ்வொரு விரலாகத் தட்டி அக்கொப்பிகளையெல்லாம் கணினியில் ஏற்றினார். 2003 இல் அவர் காலமானார். கொப்பிகளைக் கறையான் தின்றுவிட்டது.

சென்ற ஆண்டு நாம் அங்குச் சென்றிருந்தபோது பெரியம்மா எம்மைத் தனியே அழைத்து, “தம்பி, வீட்டை விற்கப் போகிறோம். இதைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிடச் சொல்லிப் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். அவர் எழுதினதெல்லாம் இதற்குள்ளேதானே இருக்கிறது?” என்று கேட்டார்.

துணியை நீக்கிப் பார்த்தோம். சாம்பல் கலந்த வெண்மையாக இருந்த பெட்டி பழுத்த பலாவிலையின் நிறமடைந்திருந்தது. மின்னிணைப்பைக் கொடுத்ததும் ‘டொங்’ என்ற ஓசை எழவில்லை. திரை முழுவதும் சதுரங்கப் பலகை போலக் கட்டங் கட்டமாகத் தோன்றியது. பின்புறத்தில் ஒரு விளிம்பை விரலால் அழுத்தினோம். அந்த விளிம்பு பப்படம் போல நொறுங்கிக் கையில் வந்தது. அதற்கு மேல் தொட எமக்குத் துணிவு வரவில்லை.

பாஸின் மேசை

கண்டியில் எப்பொருள் பழுதடைந்தாலும் அதனைத் திருத்த ஒரு ‘பாஸ்’ இருப்பார். மேசனும் பாஸ், தச்சரும் பாஸ், வானொலி திருத்துபவரும் பாஸ். நாம் கண்டெடுத்தவர் நாற்பது ஆண்டுகளாக வானொலியும் தொலைக்காட்சியும் திருத்தி, இப்போது கைபேசித் திரை மாற்றிப் பிழைத்து வரும் முதியவர். நகரின் நடுவில் மாடிப்படியின் அடியில் அவரது கடை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆட்கள் பழைய சாமான்களைக் கொண்டுவந்து குவித்துவிடுவார்களாம்.

பெட்டியைப் பார்த்தவுடன் அவர் திருப்புளியை எடுப்பார் என எதிர்பார்த்தோம். அவரோ கைகளைக் கட்டிக்கொண்டு, “ஐயா, இன்றைக்கு வேண்டாம். வெயில் உள்ள நாளிலே, மத்தியானத்துக்கு மேலே கொண்டு வாருங்கள்” என்றார். காலை நேரத்துக் கண்டிக் குளிரிற் பிளாஸ்டிக் இறுகியிருக்கும், வளைக்கும்போது வெடித்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர் இது. மார்கழி, தை மாதக் காலைகளில் நாமே இறுகிப்போகிறோம். பிளாஸ்டிக்கைக் குறை சொல்வானேன்?

இங்குச் சிறிது விளக்கம் வேண்டும். அக்காலத்துக் கணினிப் பெட்டிகளிற் பெரும்பாலானவை ஏ.பி.எஸ். எனப்படும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அக்ரிலோநைற்றில், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்னும் மூன்றன் சேர்க்கை அது. குழந்தைகள் அடுக்கி விளையாடும் லேகோக் கட்டிகளும் 1963 முதல் இதனாலேயே ஆக்கப்படுகின்றன. மூன்றனுள் நடுவிலுள்ள பியூட்டடையீன் ஒரு வகைச் செயற்கை இறப்பர். கண்ணாடி போல வெடிக்கக்கூடிய ஸ்டைரீனுக்குள் அவ்விறப்பர் நுண்துளிகளாகப் பரவி நின்று, அடியைத் தாங்கிக்கொள்கிறது. ஆயின் இறப்பர் மூப்படையும் பொருள். மேசை இழுப்பறையில் நெடுங்காலம் கிடந்த இறப்பர் வளையத்தை இழுத்துப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். காற்றிலுள்ள ஒட்சிசனும் வெப்பமும் சூரிய ஒளியின் ஊதாக்கடந்த கதிரும் சேர்ந்து அதனை அரிக்கின்றன. இறப்பர் துளி செத்தபின் எஞ்சுவது பளிங்கு போன்ற நொய்ம்மையே. 1876 இல் கியூத் தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகளை ஹெனரத்கொடையில் நட்டு வளர்த்த நாட்டினர் நாம். இறப்பரின் முதுமையைப் பற்றி எமக்கு வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மஞ்சள் நிறம் வேறொரு கதை. தீப்பற்றாதிருக்கும் பொருட்டுப் புரோமின் சேர்ந்த பொருள்களைப் பிளாஸ்டிக்கிற் கலந்தார்கள். அவை ஒளியிற் சிதைந்து நிறத்தை மாற்றுகின்றன என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். 2008 இல் பழங்கணினி ஆர்வலர் சிலர், ஐதரசன் பெரொட்சைட்டைப் பூசி வெயிலில் வைத்தால் வெண்மை திரும்பும் எனக் கண்டுபிடித்தனர். ‘ரெட்ரோபிரைட்’ என்று அதற்குப் பெயருமிட்டனர். இதனை நாம் எடுத்துச் சொன்னபோது பாஸ் சிரித்தார். “நரைக்கு மை பூசினால் வயசு குறையுமா, ஐயா?” நிறம் திரும்பலாம், வலிமை திரும்பாது என்பதே அவர் கருத்து. எமக்கும் அது சரியாகவே படுகிறது. அதிலும், நொறுங்கும் நிலையிலுள்ள பெட்டியை வெயிலில் வைத்து மேலும் வாட்டுவது விவேகமாகத் தோன்றவில்லை.

திறப்பதற்கு முன்

நல்ல வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குப் பின் வேலை தொடங்கியது. பெட்டியைத் துவாயாற் சுற்றி ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான மாடியறையில் வைத்திருந்தார். பிறகு மேசை மீது மடித்த துவாய் ஒன்றை விரித்து, திரை கீழ்நோக்குமாறு பெட்டியைக் கவிழ்த்தார்.

இவ்வகைக் கணினியில் நான்கு திருகாணிகள் உண்டு. இரண்டு பின்புறத்துக் கீழ்ப்பகுதியிற் கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டும் கைபிடிக் குழியின் ஆழத்தில் ஒளிந்திருக்கும். தலை ஆறு முனை நட்சத்திர வடிவம். ‘டோர்க்ஸ் டி-15’ என்பது அதன் அளவு. சாதாரணத் திருப்புளி அவ்வாழத்திற்கு எட்டாது. பாஸ் நீண்ட இரும்புக் கம்பியொன்றின் நுனியில் நட்சத்திர முனையைப் பற்றவைத்துத் தாமே ஒரு கருவி செய்திருந்தார். திருகாணியைக் கழற்றும்போது முதலிற் சற்று இறுக்குவது போலத் திருப்பி, ‘கிறீச்’ என்ற பிடி விட்டபின்னரே எதிர்ப்பக்கம் திருப்பினார். நேரே எதிர்ப்பக்கம் முறுக்கினால் ஆணியோடு அது நிற்கும் பிளாஸ்டிக் தூணும் முறிந்து வருமாம்.

நான்கும் கழன்றன. கூடு அசையவில்லை. நாம் அருகிலிருந்த மேசைக் கத்தியை எடுத்து நீட்டினோம். எம்மை அவர் பார்த்த பார்வையை இங்கு எழுத்தில் வடிக்க இயலாது.

“எது பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரியாமல் நெம்பக் கூடாது” என்றார். அவர் சொன்னது எமக்கு எம்பெக்கே தேவாலயத்தை நினைவூட்டியது. பேராதனைக்கு அப்பால் உள்ள அந்தப் பதினான்காம் நூற்றாண்டுக் கோயிலின் மண்டபக் கூரையில் இருபத்தாறு கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கூடுகின்றன. அந்த ஆணியை அறியாதவன் கூரையிற் கைவைத்தால் என்ன ஆகும்? கணினிக் கூடுகளும் அவ்வாறே. கொமடோர் 64 என்னும் பெட்டி 1982 இல் வெளிவந்து ஒரு கோடிக்கும் மேல் விற்பனையானது. அதற்கு அடியில் மூன்று திருகாணிகள்தாம். அவற்றைக் கழற்றியவர் ‘முடிந்தது’ என எண்ணி மூடியை நேரே மேலே தூக்குவார். பின்விளிம்பில் மறைந்திருக்கும் கொளுவிகள் முறிந்துபோகும். முன்பக்கத்தை உயர்த்திப் பெட்டக மூடியைத் திறப்பது போலப் பின்னோக்கிச் சாய்க்க வேண்டும். அதே ஆண்டு இங்கிலாந்தில் வந்த சிங்கிளேர் ஸ்பெக்ட்ரத்தில் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதன் விசைப்பலகையிலிருந்து உள்ளே செல்லும் நாடா போன்ற இரு மென்தகடுகள் காய்ந்த வாழைச் சருகாகிவிடும். மூடியைச் சிறிது அதிகமாகத் தூக்கினாலும் அவை கிழியும். கிழிந்தால் புதிய தகடுதான், ஒட்டுப்போட முடியாது.

எமது பெட்டிக்கு வருவோம். பாஸ் இழுப்பறையிலிருந்து பழைய தொலைபேசி அட்டைகள் நான்கை எடுத்தார். தெருவோரத் தொலைபேசிக் கூண்டுகள் இருந்த காலத்தில் நாம் வாங்கிப் பயன்படுத்திய அதே அட்டைகள். இரும்பைக் காட்டிலும் மென்மையானது, நகத்தைக் காட்டிலும் வலியது என்றார். முடியுலர்த்தியைத் தொலைவிற் பிடித்து இடுக்கின் வழியே இளஞ்சூட்டைப் பாய்ச்சினார். ஓர் அட்டையைச் செருகினார், எதிர்ப்பக்கத்தில் மற்றொன்று, பின்னர் மேலும் இரண்டு. ஒரே இடத்தில் விசையைக் கொடுக்காமல் நான்கு பக்கமும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். கால் மணி நேரம் கழிந்தது. இடையில் ஒருமுறை ‘டிக்’ என்ற ஓசை கேட்டது. அவர் முகம் சுருங்கியது. மேல்விளிம்புக் கொளுவி ஒன்று போய்விட்டது.

ஆயினும் கூடு முழுதாக எழுந்தது. உள்ளேயிருந்து ஒரு மணம் வந்தது. மீன் வாடையும் பழைய காகித வாடையும் கலந்தது போன்ற மணம். அது கசிந்த மின்தேக்கிகளின் மணம் என்றார் பாஸ்.

உள்ளே கண்டவை

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திரையுடன் கூடிய பழைய பெட்டிகளை, மின்வேலை பழகாத எவரும் திறக்கக் கூடாது. படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் ஏற்றப்படுகிறது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதில் ஒரு பங்கு தங்கி நிற்கக்கூடும். பாஸ் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால், தரையிணைப்புக் கம்பி கட்டிய திருப்புளியை இறப்பர்க் குவளையின் அடியிற் செலுத்தி அதனை வெளியேற்றினார். படக்குழாயின் கழுத்துப் பகுதி மெல்லிய கண்ணாடி. அதன் முனையிற் செருகியிருக்கும் சிறு பலகையைச் சாய்த்து இழுத்தால் கழுத்து முறியும். உள்ளே காற்றுப் புகுந்து குழாய் அத்துடன் மாண்டது. அதைத் திருத்த உலகில் எவராலும் இயலாது.

முதலில் அகற்றியது மின்கலம். 3.6 வோல்ட் லித்தியம் கலம், சுண்டுவிரற் பருமன். இத்தகைய கலங்கள் வெடித்து அமிலம் சிந்தியது போல உள்ளமைப்பு முழுவதையும் துருப்பிடிக்கச் செய்து எத்தனையோ கணினிகளைக் கொன்றிருக்கின்றன. பெரியப்பாவுடையது வீங்கவில்லை. பழைய கணினியை வீட்டில் வைத்திருப்போர் வேறொன்றும் செய்யாவிட்டாலும் இந்தக் கலத்தை மட்டுமேனும் பழகியவர் ஒருவரைக் கொண்டு எடுப்பித்துவிடுவது நல்லது.

கட்டங் கட்டமான திரைக்குக் காரணம் மின்தேக்கிகள். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பலகையின் மேற்பரப்பில் ஒட்டும் சிறிய உருளை மின்தேக்கிகளைப் பயன்படுத்தினர். அவற்றின் அடியிலிருந்து மின்பகுதிரவம் மெல்லக் கசிந்து செப்புக் கோடுகளை அரித்துவிடுகிறது. பாஸ் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, பலகையைச் சவர்க்கார நீராலும் பின்னர் மதுசாரத்தாலும் கழுவி, இரண்டு நாள் உலரவிட்டுப் புதியன வைத்துப் பற்றவைத்தார். கணினிப் பலகையை நீரிற் கழுவலாம் என்பது எமக்குப் புதுச்செய்தி. நன்கு உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டுமென்பதை மட்டும் மறக்கலாகாது.

மூன்றாம் நாள் மாலை. இந்தக் கிளாசிக்கில் ஒரு விந்தை உண்டு. வட்டுப் பழுதடைந்தாலும், கொமாண்ட், ஒப்ஷன், எக்ஸ், ஓ ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்திக்கொண்டு இயக்கினால், உள்ளேயுள்ள நிலைநினைவிலிருந்தே அது விழித்தெழும். நாம் நான்கையும் அழுத்திக்கொண்டோம். பாஸ் ஆளியைப் போட்டார். ‘டொங்’ என்றது. சிறு புன்னகை முகம் திரையில் தோன்றியது. தேநீர் கொண்டு வந்த பக்கத்துக் கடைப் பையனும் நின்று பார்த்தான்.

பாட்டு மட்டும் வரவில்லை. வட்டு சுழலும் ஓசை கேட்டது. கணினிக்கோ வட்டு இருப்பதே தெரியவில்லை.

கிளாசிக்கில் இருந்தது 40 மெகாபைட்டு வட்டு. இன்றைய கைபேசியில் எடுக்கும் படங்கள் சிலவே அதில் அடங்கும். ஆயின் எழுத்துக்கு அது கடல். இவ்வட்டுகளுட் சிலவற்றில், படிக்கும் கரம் சென்று முட்டும் இடத்தில் இறப்பர்த் துண்டுகள் வைத்திருந்தார்கள். காலப்போக்கில் அவ்விறப்பர் இளகிப் பிசினாகிறது. ஓய்விடத்திற் படுத்த கரம் அப்பிசினில் ஒட்டிக்கொண்டு எழ மாட்டாது. பெட்டியிலுள்ள இறப்பர் காய்ந்து நொறுங்கியது. வட்டிலுள்ள இறப்பரோ உருகி ஒட்டியது. ஒரே முதுமை இரண்டு விதமாக வந்திருக்கிறது.

வட்டின் மூடியைத் திறந்தால் தூசி விழும். தூசி விழுந்தால் வட்டுக் கீறும். திறக்காவிட்டால் எதுவுமே கிடையாது. பாஸ் எம்மிடம் கேட்டார். நாம் பெரியம்மாவிடம் தொலைபேசியிற் கேட்டோம். “திறக்கட்டும், தம்பி. மூடி வைத்து இருபது வருஷம் பார்த்தாயிற்று” என்றார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், காற்றிலே தூசி அடங்கியிருந்த வேளையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு அவர் அதனைத் திறந்தார். பிசினைச் சுரண்டவில்லை. மூங்கிற் குச்சியாற் கரத்தை மெல்ல நெகிழ்த்தி, இறப்பர் இருந்த இடத்தை ஒரு சிறு நெகிழிக் குழாய்த் துண்டால் மறைத்து, உடனே மூடினார். கரம் ‘டக், டக்’ என்று அசைந்தது. திரையில் வட்டின் சின்னம் எழுந்தது. அதன் கீழ் ஆங்கில எழுத்தில் பெரியப்பாவின் பெயர்.

மறுபடி அணைத்தால் விழிக்குமோ என்ற அச்சத்தில் அன்று மாலை வரை அணைக்கவேயில்லை. கோப்புகளை 1.44 மெகாபைட்டு நெகிழ்வட்டுகளிற் படியெடுத்தோம். அவற்றை இன்றைய கணினியும் யூ.எஸ்.பி. வழியே படித்துவிடும்.

இதில் எமக்கு ஆதர் சி. கிளார்க்கின் நினைவு வந்தது. கொழும்பில் வாழ்ந்த அவ்வெழுத்தாளர் ‘2010’ என்னும் நாவலை ஆர்க்கைவ்ஸ் III என்ற கணினியில் எழுதி, அதனை ஒரேயொரு ஐந்தங்குல நெகிழ்வட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். நூல் 1982 இல் வெளிவந்தது. இறுதித் திருத்தங்கள் பாதுக்கைச் செய்மதி நிலையத்தின் வழியாகச் சென்றன. இந்நாட்டிற் கணினியில் எழுதுவோரின் கதை அவ்வளவு பழையது. அவரது எழுத்து உடனே அச்சேறிவிட்டது. எமது பெரியப்பாவின் எழுத்து ஏறவில்லை.

கோப்பைத் திறந்தால் மற்றொரு பூட்டு. தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் குறிகளும் குவிந்து கிடந்தன. ஒருங்குறி பரவுவதற்கு முந்திய காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கிக்கொண்டது. பெரியப்பா பயன்படுத்தியது ‘மயிலை’. சுவிற்சர்லாந்தில் வாழும் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அமைத்து இலவசமாக வழங்கிய எழுத்துரு அது. 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் என்னும் மின்னூற் பணியைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே. அவ்வெழுத்துருவின் அடுக்கை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இருப்பதால் எமது தலை தப்பியது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சில இடங்களில் மாறி நின்றன. அவற்றைக் கையால் திருத்தினோம்.

நூற்றுக்குச் சற்றுக் குறைந்த பாடல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் கீழும் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் பாடியவரின் பெயரும் இருந்தன. சிலவற்றின் கீழ், ‘இவர் ஊர் போய்விட்டார்’ என்று ஒரு வரி. ‘ஒப்பாரி - இரண்டாம் பகுதி’ என்ற கோப்பு மட்டும் திறக்கவில்லை. வட்டின் அப்பகுதி கீறுண்டிருந்தது. எமது சோதனையிற் கீறிற்றோ, முன்பே கீறியிருந்ததோ, பாஸுக்கும் சொல்ல முடியவில்லை.

பெட்டியை மூடுவதற்கு ஒரு வாரம் பிடித்தது. வெடித்த பிளாஸ்டிக் தூண்களுக்குப் பிலிமத்தலாவைப் பித்தளைப் பட்டறையில் எறிந்த துண்டுகளிலிருந்து சிறு வளையங்கள் அறுத்து மாட்டினார். உடைந்த விசைப்பலகை ஒன்றைச் சுரண்டிய துகளை அசற்றோனிற் கரைத்துக் கூழாக்கி, விரிசல்களின் உட்புறத்தில் மட்டும் பூசினார். திருகாணிகளை இரு விரல்களால் மட்டுமே முறுக்கி, இறுகத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டார். கூலி கேட்டபோது மின்தேக்கிகளின் விலையையும் ஒரு நாட் சம்பளத்தையும் மட்டும் சொன்னார்.

பெட்டி இப்போது பெரியம்மாவின் புதிய இல்லத்தில், அதே பூவேலைத் துணியின் அடியில் இருக்கிறது. பாடல்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹேவாஹெட்டைத் தாலாட்டு ஒன்றை அவர் மெல்லப் படித்தார். இரண்டாம் அடியில், “இந்த இடத்தில் அவர் பிழையாக எழுதியிருக்கிறார், தம்பி, அது இப்படியில்லை” என்று சொல்லித் தாமே பாடிக் காட்டினார். முறிந்த கொளுவியைப் பாஸ் ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து எம்மிடம் தந்திருந்தார். அது மேசை இழுப்பறையில் இருக்கிறது.